கொல்லையில் ஒரு மலையடிவாரம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மலையில் எந்த இடத்தில் பூச்சி கடித்தது? கூமாப்பட்டிப் பக்கமா, அதற்கும் மேலேயா? ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மலையில் எந்தப் பூச்சியும் என்னைக் கடிக்கவில்லை. நான் மலைக்கே போகவில்லை. இராஜபாளையத்தில் என் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்கு நாலு எட்டு தள்ளிக் குப்புறப் படுத்துக் கிடந்தபோதுதான் கடித்தது. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தேன். அதனால் என் மனைவி பாக்கியம் சாகக் கிடந்தாள்.

நான் காயத்துக்குக் கட்டும் துணி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்க வெள்ளைத் துணியையே பார்க்கிறவனுக்கு வண்ணத்தில் ஆசை வந்தது. பழைய கேமரா ஒன்றும் நீளமான லென்ஸ் ஒன்றும் வாங்கி, கொல்லைக்கு வருகிற குருவிகளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். தேன்சிட்டு, தையல்சிட்டு, தினைக்குருவி, வாலைத் தூக்கிக்கொண்டு வரும் குண்டுக்கரிச்சான், இவைதான் எங்கள் வீட்டு விருந்தாளிகள். ஆனால் அவை உட்காரும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் உட்காரும், விளக்குமாற்றுக் கட்டையில் உட்காரும், இல்லாவிட்டால் துணிக்கொடியில் உட்காரும். படத்தில் குருவி அழகாகத்தான் இருக்கும். அதன் பின்னால் பாக்கியத்தின் பாவாடை தொங்கும்.

அதனால் கொம்பு வைத்தேன். பட்டுப்போன கொடுக்காப்புளிக் கொம்பு, லேசாக வளைந்து, பட்டை உரிந்து, அங்கங்கே பாசி படிந்தது. குருவியின் கால் விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அளவுக்கு மேல் தடிமன் கூடாது. மணல் வாளியில் அதை நட்டு, படத்தில் விழாதபடி கீழே ஒரு சிரட்டையில் தினையும் வாழைப்பழத் துண்டும் வைத்துவிட்டால், சாப்பிட இறங்குவதற்கு முன் குருவி அந்தக் கொம்பில் உட்கார்ந்து ஒரு தடவை சுற்றிலும் பார்க்கும். அந்த நேரத்தில் எடுக்க வேண்டும். அதன் கண்ணுக்கு நேராக நம் கண்ணும் இருந்தால்தான் படத்தில் உயிர் வரும் என்பதால் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பேன்.

மிச்சமிருந்தது பின்னணி. கொம்புக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரும் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியும் இருந்தன. அவற்றை மறைக்கப் புல்லை வளரவிட்டேன். உண்ணிச்செடியையும் வளரவிட்டேன். வெட்டிப்போட்ட கிளைகளை அங்கேயே குவித்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்தால் அத்தனையும் கரைந்து பச்சை மூட்டமாகத் தெரியும். சிந்திய தினைக்கு எலி வந்தது. அரிவாளோடு வந்த பாக்கியத்தைத் திருப்பி அனுப்பினேன். துணிக்கொடியையும் அவிழ்த்து, படத்தில் விழாதபடி புதருக்குப் பின்னால் சுவரோரமாகக் கட்டினேன். புல்லுக்குள் நடந்துதான் துணி போடவேண்டுமா என்று கேட்டாள். செத்த தூரம்தானே என்றேன். அன்றிலிருந்து சேலையைச் சொருகிக்கொண்டு, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தினமும் அந்தப் புல்லுக்குள் நடந்தாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. வாட்ஸ்அப்பில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் முதல் படத்தைப் போட்டதும், கூமாப்பட்டி மலையடிவாரமா என்று ஒருவர் கேட்டார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டேன். அவ்வளவுதான். அதற்கு விழுந்த பாராட்டு என் கம்பெனி வாழ்க்கை முழுவதிலும் எனக்கு விழுந்ததில்லை. அடுத்த படத்துக்கு நானே ‘மலையடிவாரம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் காதர் அந்தக் குழுவில் என் பரம ரசிகர். இடத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சுவார். இடம் தெரிந்தால் கூட்டம் கூடிவிடும், குருவி பயந்துவிடும் என்று பெரிய இயற்கைப் பாதுகாவலர் மாதிரி அவருக்கே புத்தி சொன்னேன்.

காய்ச்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டை இடி என்றால் அப்படி ஒரு இடி. கண்ணை அசைத்தால்கூட வலித்தது. பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், உடம்பில் புண், பொருக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது. தொடை இடுக்கில், வெளியே சொல்ல முடியாத இடத்தில், பீடி நெருப்பில் சுட்டது போலக் கருப்பாக ஒரு பொருக்கு. வலிக்கவில்லை, அரிக்கவுமில்லை. சைக்கிள் சீட்டு உரசியிருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் அறையில் நர்ஸ் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு சின்ன வெட்கம்தான் காரணம்.

காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பாக்கியம் பயந்துபோய்க் காதருக்குப் போன் செய்தாள். அவர் காரோடு வந்து என்னை அள்ளிப்போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார், அங்கே அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே காத்திருந்த கூடத்தில் பெஞ்சு நிறையக் காய்ச்சல்காரர்கள். எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஓடாமல் நின்றுபோயிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கின்றன, கல்லீரலும் வீங்கியிருக்கிறது என்றார்கள். டெங்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

வந்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். திரையை இழுத்துவிட்டு, உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, ஆண் நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் பார்த்த மாத்திரத்தில் டாக்டரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பில் எந்தத் துணியும் சரியாக இல்லாமல், மகள் வயதுப் பெண் டார்ச் அடித்துப் பார்க்க, படுத்துக் கிடப்பது போன்ற கேவலம் வேறெதுவும் இருக்காது என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரியது வரவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஸ்க்ரப் டைஃபஸ் என்றார் டாக்டர். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். எலியின் உடம்பிலும் புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத செந்நிறப் பூச்சிக் குஞ்சு கடித்தால் வரும். கடித்தது நமக்குத் தெரியாது. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் கருப்பாகப் பொருக்கு இருக்கும், அது பெரும்பாலும் துணி இறுக்கும் மறைவிடத்தில்தான் இருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பழைய, மலிவான மாத்திரையிலேயே சரியாகிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஆள் போனாலும் போகலாம். எங்களுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்.

பிறகு, சமீபத்தில் புதர்ப் பக்கம் எங்கேயாவது உட்கார்ந்தேனா, படுத்தேனா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் காதர் முந்திக்கொண்டார்.

“அண்ணாச்சி கூமாப்பட்டி மலையடிவாரத்துலதாம்மா படுத்தே கெடப்பாரு. குருவி போட்டோ எடுக்கதுல நம்ம ஜில்லாவுலயே ஆள் கெடையாது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வீட்டைச் சுற்றி ஏதாவது புதர், எலித் தொல்லை உண்டா என்று அடுத்துக் கேட்டார்.

“இல்லம்மா. சுத்திலும் சிமெண்டுத் தளம்” என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, எனக்கு வெந்நீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

மருந்து வேலை செய்தது. மறுநாளே சூடு குறைந்தது, அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்தேன். அந்த வார்டில் ராத்திரிகள் நீளமானவை. யாராவது முனகுவார்கள், டிரிப்ஸ் தீர்ந்து நர்ஸைக் கூப்பிடுவார்கள், விளக்கு அணையவே அணையாது. பாக்கியம் என் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருப்பாள். நான் அசைந்தால் எழுந்துவிடுவாள். டிரிப்ஸ் ஊசியைச் சுற்றி என் கையில் ஒட்டியிருந்த துணியின் நெசவைப் பார்த்து, எங்கள் கம்பெனியில் ஓட்டியதுதானா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குத் தெளிவு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லிக் கஞ்சித் தூக்கு அனுப்பினார். காதர் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கி வருவார். புது லென்ஸுக்காகச் சேர்த்தது ஆஸ்பத்திரிக்குப் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லிக் காட்டவில்லை.

அப்புறம் ஒரு காலையில், தூக்கைக் கழுவப் போன பாக்கியம் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. எப்போதிருந்து என்றேன். முந்தாநாளிலிருந்து லேசாக இருந்ததாம், என் மாத்திரையிலேயே தலைவலிக்கென்று ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாளாம். ரவுண்டுக்கு வந்த டாக்டர் அவளையும் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். என் நோய் ஒட்டாது என்பதை மறுபடி சொல்லிவிட்டு, அவளும் என்னோடு மலைப்பக்கம் போனாளா என்று கேட்டார். போகவில்லை என்றாள் பாக்கியம், அது உண்மைதான். உடம்பில் பொருக்கு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அலைச்சல், தூக்கம் கெட்டது, அவ்வளவுதான் என்று அவளாகவே முடித்தாள். வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், பார்ப்போம், இங்கேயே படுங்கள் என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினார் டாக்டர்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அவள் கால் தினமும் எந்தப் புல்லில் பட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் அவள் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். காதர் கட்டில் கால்மாட்டில் நின்று டாக்டரிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தார். என் குண்டுக்கரிச்சான் படம். டாக்டர் அதை விரலால் பெரிதாக்கி, “நல்லா இருக்கு சார். இந்தக் காட்டுக்குள்ள படுத்தா கடிக்காம என்ன செய்யும்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் பாக்கியம் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் சிரித்தேன் என்பதை இங்கே எழுதும்போது கை கூசுகிறது.

மத்தியானத்துக்குள் அவளுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. காதர் டீ வாங்கப் போன சமயத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடுப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன என்றேன். பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் புண்ணாகியிருக்கிறது, ஒன்றுமில்லை என்றாள். கருப்பாக இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள், என்னைப் பார்க்காமல். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா எங்க கடிச்சதுன்னு கேப்பாகள்ல. அந்த மனுசன் உங்கள அம்புட்டு நம்பிக்கிட்டு நிக்காரு. அவரு வீட்டுக்குப் போகட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்.”

இதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. என் பொய் என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள் அதை எனக்காகத் தன் உடம்பில் ஒளித்து வைத்திருந்தாள். அப்போதுகூட என் கால் உடனே எழவில்லை. சாயங்காலம் ரவுண்டு வரும், காதர் கடை திறக்கப் போய்விடுவார், அப்போது டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம் என்று என் மனசு அவசரமாகக் கணக்குப் போட்டது. அவள் சொன்ன அதே யோசனைதான். அவள் சொன்னால் அது அன்பு. நான் நினைத்தால் அதற்கு வேறு பெயர்.

சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. அவள் மூச்சு வேகமாக, மேலெழுந்தவாரியாக வர ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு முன் அதே மூச்சை நான் விட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? டிரிப்ஸ் கம்பியையும் இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். டாக்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். காதரும் டீ கிளாஸோடு அப்போதுதான் படியேறி வந்தார். அவர் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருக்க எனக்கு இனித் தெம்பில்லை.

“அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். அது மலை இல்ல, எங்க வீட்டுக் கொல்லை. பொதர வளத்ததும் நான்தான். இவ தெனமும் அந்தப் புல்லுக்குள்ள போயித்தான் துணி காயப்போடுதா. இடுப்புல கருப்பா பொருக்கு இருக்கு.”

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. வேகமாக உள்ளே போனார். திரை இழுபடும் சத்தம் கேட்டது. நர்ஸைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொல்லும் சத்தமும் கேட்டது. வெளியே வந்தபோது மட்டும், “வீட்டுப் பக்கம் பொதர் இருக்கான்னு உங்ககிட்ட கேட்டேனே சார்” என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காதர் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு கேட்டார்.

“அப்ப, மகாராஜபுரத்துக்கு மேல நான் தேடுன கொம்பு?”

அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் கடையைச் சாத்திவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு, கூமாப்பட்டிக்கும் மகாராஜபுரத்துக்கும் மேலே அலைந்து, என் படத்தில் இருந்த அந்த வளைந்த கொம்பைத் தேடியிருக்கிறார். தென்னந்தோப்புக்காரர்களிடம் போனைக் காட்டி விசாரித்திருக்கிறார். கிடைக்காமல் போனது தன் கண்ணின் குறை என்று நினைத்திருக்கிறார். அது மணல் வாளியில் நட்ட கொம்பு என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாக்கியத்துக்கு இளநீரோடு வந்தார். என்னிடம் பேசவில்லை, இளநீரை மட்டும் கையில் கொடுத்தார்.

பாக்கியத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி ஆக்சிஜன் வைத்தார்கள். சிறுநீர் குறைந்திருந்தது. அதுதான் டாக்டர் பயந்த விஷயம். காப்பீட்டு அட்டைக்கு அவளுடைய போட்டோ ஒன்று வேண்டும் என்று கவுண்டரில் கேட்டார்கள். போனைத் திறந்து தேடினேன். தேன்சிட்டு ஆண், தேன்சிட்டு பெண், கூட்டுக்குள் தையல்சிட்டு, மழையில் நனைந்த தினைக்குருவி என்று தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பாக்கியம் வரவில்லை. ஒரே ஒரு படத்தில் ஓரத்தில் அவள் கை விழுந்திருந்தது, துணி எடுக்க நீட்டிய கை. வெட்டிவிட வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த படம் அது. ஒரு குருவியின் கண்ணில் வெளிச்சப்புள்ளி விழுந்திருக்கிறதா என்று மணிக்கணக்கில் பார்த்தவன் நான். வெளியூரில் இருக்கும் எங்கள் மகளிடம் போன் போட்டுக் கேட்டு, அவளுடைய கல்யாணத்தில் பாக்கியத்தை எடுத்த படத்தை வாங்கிக் கொடுத்தேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபடி இருந்தேன். மூக்கில் குழாயோடு கிடந்த அந்த முகத்தில் வலது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க அவள் பிழைக்க வேண்டுமே என்று அழுதேன். மருந்து அவளையும் கைவிடவில்லை. சிறுநீர் சரியாக வருகிறது என்று நர்ஸ் சொன்ன அன்று, அந்தச் செய்தியைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் டாக்டர் தகவல் சொல்லி நகராட்சி ஆட்கள் வந்து, புதரை வெட்டி, கிளைக் குவியலை அள்ளி, மருந்தடித்துவிட்டுப் போயிருந்தார்கள். காதரும் கூட நின்று வேலை வாங்கியதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். கொடுக்காப்புளிக் கொம்பை மட்டும் காதர் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதைப் பிடித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். குழுவில் நானே உண்மையை எழுதினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் விலகினார்கள். காதர் ஒன்றும் எழுதவில்லை.

கொடியைப் பழைய இடத்திலேயே கட்டியாகிவிட்டது. குருவிகளுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. நேற்றுக் காலையில் பாக்கியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் நீலச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. வெயில் சரியான பக்கத்திலிருந்து விழுந்தது. அவளும் குருவியும் ஒரே படத்தில் விழும்படி நான் கேமராவைத் தூக்கினேன். அதை வைத்துவிட்டுப் போர்வையின் மறுமுனையைப் பிடியுங்கள் என்றாள். போய்ப் பிடித்தேன். இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது, சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

“அன்னைக்கு நான் போய்ச் சேந்திருந்தா, என் படத்த எங்க எடுத்ததுன்னு போட்டிருப்பீக?”

ஈரப் போர்வை எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது. என் முகம் அவளுக்குத் தெரியாது என்று, நான் அதை விட்டு நகராமல் நின்றேன்.